கணக்கில் எழுதிய சந்தோஷம்

தினசரி காலண்டர் தாளின் அடியில் பன்னிரண்டு ராசிகளுக்கும் எதிரே ஒற்றைச் சொல் போட்டிருக்கும். மேஷம் வரவு, ரிஷபம் செலவு, மிதுனம் கவலை, கடகம் மகிழ்ச்சி. அதற்கு மேல் விளக்கம் கிடையாது. காலையில் எழுந்ததும் தாத்தா தாளைக் கிழிப்பார். அடுப்படியிலிருந்து பாட்டி கேட்பார்: "கடகத்துக்கு என்னங்க போட்டிருக்கு?"

"மகிழ்ச்சின்னு போட்டிருக்கு."

"ஆமா, வந்துட்டாலும்!"

இப்படி ஒரு பேச்சு நடக்காத தமிழ் வீடு குறைவு. பாட்டி நம்பவில்லை, ஆனால் மறுநாளும் கேட்பார்.

அந்த 'மகிழ்ச்சி' அச்சாவது பெரும்பாலும் சிவகாசியில். ஆடிப்பெருக்கு அன்று காவிரிக்கரைப் பெண்கள் ஆற்றுக்குப் பூவும் காதோலை கருகமணியும் விடும்போது, காவிரியைப் பார்க்காத சிவகாசியில் அச்சகங்கள் பூஜை போட்டு, வருகிற ஆண்டின் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது வழக்கம். அன்றிலிருந்து ஆர்டர் குவியும். ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை, அரிசி மண்டி எல்லாம் தங்கள் பெயர் போட்டுக் கேட்கும். அட்டையை வெட்டுவார்கள், தேதிக் கட்டைத் தைப்பார்கள், மேல்விளிம்பில் தகரம் அடிப்பார்கள். நாட்டு மக்களின் அடுத்த ஆண்டுக் கவலையும் மகிழ்ச்சியும் இந்த ஆண்டே கட்டுக்கட்டாக லாரி ஏறிவிடும்.

விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பகுதி செய்கிற மூன்று பொருளுமே அடுத்தவர் வீட்டு நல்ல நேரத்துக்கானவை. அடுப்புக்குத் தீப்பெட்டி, தீபாவளிக்குப் பட்டாசு, புத்தாண்டுக்குக் காலண்டர். சரி, செய்கிறவர்கள் எதை நல்ல வாழ்வு என்று நினைத்தார்கள்? எதற்காக ஓடியோடி உழைத்தார்கள்? இந்த மண்ணின் வியாபாரிகள் அதைத் தத்துவமாக எழுதி வைக்கவில்லை. கணக்குப் பேரேட்டில் ஒரு பத்தியாக எழுதி வைத்தார்கள். அந்தப் பத்தியின் பெயர் மகமை.

மகமைக்குள் போகும் முன் திருச்சுழிக்கு ஒரு நடை போய்வருவது நல்லது. அருப்புக்கோட்டையைத் தாண்டியிருக்கும் சின்ன ஊர். 1879 டிசம்பர் 30இல் அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. வாழ்வின் பொருளைத் தேடி உலகமெங்கிருந்தும் ஆட்கள் அவரிடம் வந்தார்கள். அவர் கொடுத்ததோ ஒரே கேள்வி: நான் யார்? அந்தக் கேள்வி பலருக்குத் தெரியும். அதைவிட, 1896 ஆகஸ்டில் மதுரை வீட்டைவிட்டு அவர் புறப்பட்ட விதம் கவனிக்கத்தக்கது. அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டத் தந்த ஐந்து ரூபாயில் ரயிலுக்கு மூன்று ரூபாய் போதும் என்று எடுத்துக்கொண்டு, மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். அண்ணனின் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்பதையும் அதில் குறித்தார். உலகத்தையே உதறிப் போகிற பதினாறு வயதுப் பையன் கணக்கை நேர் செய்துவிட்டுப் போகிறான். இந்த வட்டாரத்துப் பிள்ளை என்பதற்கு வேறு சான்று வேண்டாம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

அவர் கிளம்பியதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே வட்டாரத்தின் விருதுப்பட்டியில் (இன்றைய விருதுநகர்) வியாபாரிகள் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார்கள். இவர்கள் எதையும் துறக்கவில்லை. கடையைத் திறந்தார்கள், மூட்டையை எடைபோட்டார்கள், லாபம் பார்த்தார்கள். ஆனால் லாபம் முழுவதும் தனக்கு என்று ஒருவரும் எடுத்துக்கொண்டு போக முடியாதபடி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள்.

இங்கே மழை பொய்க்கும். கரிசல் மண் வெடித்து வாய் பிளந்து கிடக்கும். 'வானம் பார்த்த பூமி' என்பது இங்கே உவமை இல்லை, நில வகை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார் வியாபாரிகள் மாட்டின்மேல் பொதியேற்றியும் வண்டி கட்டியும் இந்த வழியாக வடக்கே வந்தார்கள். பாதை நெடுகக் களவு பயம். இருட்டினால் தங்க ஒரு பத்திரமான இடம் வேண்டும். அப்படி உருவானவைதான் பேட்டைகள். சுற்றிலும் மதில், உள்ளே கிணறு, மாடு கட்ட இடம், சரக்கு வைக்கக் கொட்டகை. ஒரு இரவு தங்கிப்போன இடத்தில் சிலர் கடை போட்டார்கள். கடை வைத்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிவந்தார்கள். சிவகாசி, விருதுப்பட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படித் தலையெடுத்த வணிக ஊர்கள்.

பேட்டைக் கிணற்றைத் தூர் வார வேண்டும், மதிலைப் பூச வேண்டும், காவலாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். அதற்கு, வாங்குகிற விற்கிற சரக்கின் அளவைப் பொறுத்து ஒவ்வொரு வியாபாரியும் ஒரு சிறு தொகை கொடுத்தார். அதுதான் மகமை. கையிலிருப்பதைப் பார்த்து மனமிரங்கிப் போடுகிற பணம் இல்லை அது. மூட்டை கைமாறும்போதே விலையோடு விலையாக ஒதுங்கிவிடும். வசூலையும் செலவையும் கவனித்தது உறவின்முறை. குடும்பத் தலைவர்கள் கூடுகிற சபை அது; வரவு செலவு அங்கே பலர் முன்னிலையில் பேசப்பட்டது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் என்ற அமெரிக்க அரசியலறிஞர் 1969இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். வெளிநாட்டுக்காரருக்கு வியப்பாகப் பட்டது, உள்ளூரில் பேரேட்டின் ஒரு வரி.

திருக்குறளில் ஈகை என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. அதற்கு முந்தைய அதிகாரம் ஒப்புரவறிதல். பலரும் இரண்டையும் ஒன்றாக்கிப் படித்துவிடுவார்கள். இல்லாதவனுக்கு இருப்பவன் கொடுப்பது ஈகை. ஊரோடு ஊராகத் தன் பங்கைச் செலுத்துவது ஒப்புரவு. அறிவாளியின் செல்வத்துக்கு வள்ளுவர் அந்த அதிகாரத்தில் சொல்லும் உவமை, நீர் நிறைந்த ஊருணி. மகமையின் தொடக்கமும் ஒரு கிணறு என்பது தற்செயல்தான். ஆனாலும் தண்ணீர் கிடைக்காத ஊரில் பொது வாழ்க்கை என்பது கிணற்றடியிலிருந்துதான் தொடங்க முடியும்.

கிணற்றுக்கு என்று தொடங்கிய மகமை கோயிலுக்கும் சத்திரத்துக்கும் போய், கடைசியில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. விருதுப்பட்டி வியாபாரிகள் தொடங்கிய அந்தப் பள்ளி சத்திரிய வித்யாசாலை. அந்தப் பெயரிலேயே ஒரு காயம் தெரிகிறது. தங்களைத் தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கிக் கோயில் வாசலில் நிறுத்தியவர்களுக்குச் சொன்ன பதில் அது. படிப்புக்குக் காசு வாங்கவில்லை. அதைத் தாங்கியவற்றில் ஒன்று கடைத்தெரு மகமை. இன்னொன்று அடுப்படியில் இருந்தது.

பிடி அரிசி. உலையில் போட அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனியே ஒரு பானையில் போட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். சேர்ந்ததை வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். அது காசாகிப் பள்ளிக்கூடச் செலவுக்குப் போகும். இந்தத் திட்டத்தின் சூட்சுமம் அளவில் இருக்கிறது. ஒரு பிடி குறைந்தால் எந்த வீட்டுச் சோறும் குறையாது. ஆனால் அதை நாள்தோறும் செய்ய வேண்டும். விருந்து வந்த நாளிலும், வியாபாரம் படுத்த நாளிலும், மாமியாரோடு சண்டை போட்ட நாளிலும் செய்ய வேண்டும். மகமை ஆண்களின் பேரேட்டில் ஏறியது. பிடி அரிசிக்குக் கணக்கு நோட்டு இல்லை. பெண்ணின் உள்ளங்கைதான் படி. பள்ளிக்கூடத்தின் வாசலையே மிதித்திராத எத்தனையோ பெண்கள் அன்றாடம் ஒரு கை அரிசியால் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியிருக்கிறார்கள். நன்கொடையாளர் கல்வெட்டில் அவர்கள் பெயரைத் தேட முடியாது.

அந்தப் பள்ளியில் படித்த ஒரு பையனுக்கு ஆறு வயதிலேயே தேங்காய் வியாபாரியான அப்பா இறந்துவிட்டார். படிப்பு பாதியில் நின்று மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தான். அந்தக் காமராஜர் 1954இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சர் ஆனார். 1956இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தொடக்கத்தில் அரசுப் பணத்தோடு ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும் விறகும் சேர்ந்துதான் அந்த உலை கொதித்தது. பிடி அரிசியிலிருந்து மதிய உணவுக்கு ஒரு நேர்கோடு போட ஆசையாக இருக்கும். வரலாறு அவ்வளவு நேராக ஓடுவதில்லை. நீதிக் கட்சிக் காலத்திலேயே சென்னை மாநகராட்சி பள்ளியில் உணவு கொடுத்துப் பார்த்திருக்கிறது. ஆனாலும் ஒரு கை அரிசி சேர்ந்து ஒரு பள்ளிக்கூடமாகும் என்பதைச் சிறுவயதில் கண்ணால் கண்ட ஒருவருக்கு, பள்ளிக்கூடத்தில் சோறு போட முடியும் என்று நம்புவதற்கு நிபுணர் குழு தேவைப்பட்டிருக்காது.

அவர் தனக்கென்று வைத்துக்கொண்டது மிகக் குறைவு. 1941இல் சிறையில் இருந்தபோது விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியை விட்டுவிட்டார். முழுதாகச் செய்ய முடியாத வேலையை வைத்துக்கொண்டிருப்பது அவருக்குச் சரியாகப் படவில்லை. 1975 அக்டோபர் 2இல் சென்னையில் வாடகை வீட்டில் இறந்தார். தாயார் சிவகாமி அம்மாள் இருந்த வீட்டுக்குத் தனியாகக் கொடுத்த குடிநீர்க் குழாய் இணைப்பை அவர் எடுக்கச் சொன்ன கதையை விருதுநகரில் இன்றும் சொல்வார்கள். சொல்லும்போது பெருமையோடு கொஞ்சம் வருத்தமும் இருக்கும். "அந்த அம்மா என்ன பாவம் செஞ்சுச்சு?" என்று கேட்கிற கிழவிகளும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

மதிய உணவு தொடங்கிய அதே 1956இல், காமராஜரின் ஊரான விருதுநகரில், இன்னொருவர் சாப்பாட்டை விட்டார். பக்கத்து மண்மலைமேட்டில் பிறந்த தியாகி சங்கரலிங்கனார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்படப் பல கோரிக்கைகளோடு ஜூலை 27இல் உண்ணாநோன்பு தொடங்கினார். அக்டோபர் 13இல் உயிர் பிரிந்தது. அப்போது முதலமைச்சர் நாற்காலியில் இருந்தவர் அவருடைய ஊர்க்காரர். ஒருவர் வயிறு நிறைவதில் வாழ்வின் பொருளைக் கண்டார். ஒருவர் ஒரு பெயருக்காக வயிற்றைக் காயப்போட்டார். ஊர் இருவரையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒரே மூச்சில் இருவரையும் பற்றிப் பேச இன்றும் கொஞ்சம் தடுமாறும். 1967இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டு, 1969 ஜனவரி 14இல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தது.

மகமையைப் பற்றிப் பேசும்போது அதன் மதிலைச் சொல்லாமல் விடக்கூடாது. பேட்டைக்கு மதில் இருந்ததுபோல மகமைக்கும் இருந்தது. 'உறவின்முறை' என்ற சொல்லே யார் உள்ளே, யார் வெளியே என்று சொல்லிவிடுகிறது. அந்த மதிலை எழுப்பியது வீம்பு மட்டும் இல்லை, அச்சமும்தான். 1899இல் கோயில் நுழைவு உரிமை பற்றிய பகை சிவகாசிக் கலவரமாக வெடித்தது. ஜூன் 6இல் ஊர் தாக்கப்பட்டது, வீடுகள் எரிந்தன, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. நீதிமன்றம் போனால் நியாயம் கிடைக்கும் என்று நம்பியவர்களைக் கமுதிக் கோயில் வழக்கு ஏமாற்றியது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கோயிலுக்குள் விடமாட்டேன் என்கிற உலகத்தில், தனக்கென்று ஒரு கோயில், ஒரு கிணறு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு வங்கி என்று கட்டிக்கொண்டது ஒரு வகை வாழ்வாற்றல். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. பின்னாளில் அதுவே தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

சிவகாசிக்கு அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. பாண்டிய மன்னன் ஒருவன் காசியிலிருந்து சிவலிங்கம் கொண்டுவந்தான். தென்காசிக்குப் போகும் வழியில் லிங்கத்தைச் சுமந்த பசு இங்கே நின்றுவிட்டது. எவ்வளவு ஓட்டியும் நகரவில்லை. சரி, இங்கேயே இருக்கட்டும் என்று கோயில் கட்டிவிட்டார்கள். போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பாதியில் நின்றதால் உண்டான ஊர்.

அந்த ஊரிலிருந்து 1922இல் இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். அன்று இந்திய அடுப்புகளைப் பற்றவைத்தவை ஸ்வீடன், ஜப்பான் தீக்குச்சிகள். ஜப்பானியரிடமிருந்து வித்தை தெரிந்த பூர்ண சந்திர ராய் என்ற வங்காளியிடம் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். 1923இல் சிவகாசியில் தொழில் தொடங்கியது. முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்தார்கள். பிறகு இயந்திரத்தை ஓரங்கட்டி முழுக்கவும் கையாலேயே செய்தார்கள். மழையற்ற ஊரில் வேலையற்ற கைகள்தான் மலிவு. குச்சியைச் சட்டத்தில் அடுக்குவது ஒருவர், மருந்தில் முக்குவது ஒருவர், பெட்டி ஒட்டுவது வீட்டிலிருக்கும் பெண்கள், ஒட்டிய பெட்டிக்குப் பக்கவாட்டில் மருந்து தடவுவது வேறொருவர். பெட்டிக் கணக்கு குரோஸில். ஒரு குரோஸ் என்றால் 144.

தீப்பெட்டியில் தொடங்கிய கை மத்தாப்புக்கும் வெடிக்கும் போனது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் எழுந்தன. அணில், காக்கா, ஸ்டாண்டர்டு மயில் என்று பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லத் தெரியாத வயதிலேயே அடையாளம் தெரிகிற சின்னங்கள் வந்தன. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுப் பெட்டிக்குப் படம் வேண்டும். அதற்காக வந்த அச்சு இயந்திரங்கள் மற்ற நாளில் சும்மா நிற்கலாமா? காலண்டர் பிறந்தது. ஜவாஹர்லால் நேரு இந்த ஊரைக் 'குட்டி ஜப்பான்' என்றாராம். ஜப்பான் குச்சியைத் துரத்திய ஊருக்குக் கிடைத்த பட்டம் அது.

இந்த ஊருக்கு மழை ஒரு சிக்கலான விருந்தாளி. பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயி வானத்தைப் பார்த்துக் கும்பிடுவான். பட்டாசு காய வைத்திருக்கிறவர் அதே வானத்தைப் பார்த்து வேறு விதமாகக் கும்பிடுவார். இரண்டு பேரும் பங்குனியில் விருதுநகர் மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பார்கள். மழைக்கு அதிபதியான அம்மன் எந்தப் பக்கம் சாய்வாள் என்பது அவள் தலைவலி.

காலண்டருக்குச் சாமி படம் வேண்டும். வரைந்தவர்களில் தலையாயவர் சி. கொண்டய ராஜு. 1898இல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, வேலைக்குப் போகாமல் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் போய் இருந்தார். திருச்சுழியில் கிளம்பிய கேள்வி அவரையும் இழுத்திருக்கிறது. ஆனால் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா வரைந்து ஊர் ஊராகச் சுற்றினார். கடைசியில் கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டூடியோ தொடங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சீடர்களே குடும்பம். அவரும் சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சில் ஏறி லட்சக்கணக்கான வீடுகளின் சுவரில் ஏறின. வருஷம் முடிந்து தேதித்தாள் தீர்ந்தாலும் சாமி படத்தைக் குப்பையில் போட மனம் வராது. சட்டம் போட்டு மாட்டிவிடுவார்கள். கோயில் கருவறைக்குள் போக அனுமதி கிடைக்காத சாதிகளின் வீடுகளிலும் அந்தப் படத்துக்குச் சூடம் காட்டப்பட்டது. ஒரு மளிகைக்கடையின் இலவச விளம்பரம் செய்த காரியம் இது. கோயில் நுழைவு வரலாற்றில் காலண்டருக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்க வேண்டும். 1976இல் இறந்த கொண்டய ராஜு, துறவியாக இருந்திருந்தால் இத்தனை பூஜை அறைகளுக்குள் போயிருக்க மாட்டார்.

தமிழில் நோயைத் தீர்ப்பதும் மருந்து, வெடிப்பதும் மருந்து. சிவகாசியில் "மருந்துல இருக்கான்" என்றால் ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று பொருள் இல்லை. வேதிப்பொருள் கலக்கிற வேலையில் இருக்கிறான். வெயில் ஏறும் முன் விடியற்காலையில் கலப்பார்கள். ஒரு அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. அறைகள் தள்ளித் தள்ளி, ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பும்படி கட்டப்பட்டிருக்கும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்கும். செருப்பு கூடாது, இரும்புச் சாமான் கூடாது, இழுத்துத் தேய்க்கக் கூடாது. உள்ளே இருப்பவரின் உயிர், உராய்வு என்ற ஒரு சொல்லைச் சுற்றி நடக்கிறது. விதி இருக்கிற இடத்தில் விதியை மீறுகிற அவசரமும் இருக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க நான்கு பேர் ஆறு பேராவார்கள், மரத்தடியில் பாய் விரிப்பார்கள். 2012 செப்டம்பர் 5இல் சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் நாற்பதை ஒட்டிய உயிர்கள் போயின. இறந்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் இல்லை. முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும், என்னவென்று பார்க்கப் போனவர்களும் இருந்தார்கள்.

மகமையின் பங்கு இந்த அறைகள்வரை வந்ததா? கல்லூரிகள் வந்தன. 1963இல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, 1968இல் எஸ்.எப்.ஆர். மகளிர் கல்லூரி. குச்சி அடுக்கியவர்களின் பேத்திகள் அங்கே பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. ஆனால் அதே பத்தாண்டுகளில், பள்ளிக்கூடத்துக்காகப் பிடி அரிசி ஒதுக்கிய மாவட்டத்தில்தான், இருட்டோடு இருட்டாகப் பஸ் வந்து பிள்ளைகளைத் தூக்கக் கலக்கத்திலேயே ஏற்றிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போனது. (இங்கே தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள்.) வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990களில் இரு முறை தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. 1996 தீர்ப்பில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று உத்தரவானது. தானாக மனம் வந்து எழுதியிருக்க வேண்டிய ஒரு பத்தியை நீதிமன்றம் எழுதவைத்தது என்றுதான் அதைப் படிக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுக்கும் கோயிலுக்கும் பங்கு ஒதுக்கத் தெரிந்த பேரேடு, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையை உறவின்முறைக்குள் சேர்க்க இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது.

2018இல் வேறொரு தீர்ப்பு வந்தது. பேரியம் உப்பு கூடாது, பசுமைப் பட்டாசு மட்டும், தீபாவளிக்கு இரண்டே மணி நேரம். தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்றானது. டெல்லி புகையில் மூச்சுத் திணறியது உண்மை. சிவகாசி ஆபீஸ்கள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும் உண்மை. ஆண்டு முழுக்க உழைத்துச் செய்ததை நாடு இரண்டு மணி நேரத்தில் கொளுத்தி முடிக்க வேண்டும் என்ற கணக்கு, அங்கே சரம் பின்னுகிற யாருக்கும் புதிதாகத் தோன்றியிருக்காது. ஒரு ஆயிரம் வாலா பின்ன ஆகும் நேரத்தையும் அது வெடித்துத் தீர ஆகும் நேரத்தையும் அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

தீபாவளிக்கு முந்தின வாரம் போனஸ் வரும். சிவகாசிக் கடைத்தெருவில் அன்று கால் வைக்க இடம் இருக்காது. சேலை, சட்டைத்துணி, எவர்சில்வர், இனிப்பு. பட்டாசு செய்தவர்களே பட்டாசு வாங்கவும் வரிசையில் நிற்பார்கள். வீட்டில் பிள்ளைக்குக் கம்பி மத்தாப்பு வேண்டாமா? பண்டிகை கழிந்து ஊர் சில நாள் ஓய்ந்து கிடக்கும். பிறகு பூஜை போட்டு மறுபடி கதவு திறப்பார்கள்.

கதவு திறந்த முதல் வாரமே, ஆபீசுக்கு ஆள் ஏற்றிப் போகிற வேனில் இன்னொரு கணக்கு தொடங்கிவிடும். தீபாவளிச் சீட்டு. ஆபீசுக்குப் போகிற பெண்களில் நம்பிக்கையான ஒருவர் நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுப் பெயர்களை எழுதுவார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து டிக் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐம்பது வாரம் கட்டினால் அடுத்த ஐப்பசியில் பாத்திரமும் பலகாரமும் ஒரு பெட்டிப் பட்டாசும் வரும். யார் வீட்டிலாவது காய்ச்சல், சடங்கு, சாவு என்று ஒரு வாரம் தவறும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடமாட்டார்கள். வேனில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் தன் காசைப் போட்டு, "அவ வந்து தருவா, நீ எழுதிக்கோக்கா" என்பார். அக்கா அந்தக் கட்டத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலால் டிக் அடிப்பார்.